பெரட்டுக்கு முன் போட்ட ஊசி

நடந்ததை வரிசையாக எழுதினால் இப்படி வரும்:

1. எங்கள் அப்பாவுக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. அப்போது நான் கொழும்பில் மருத்துவ ஆய்வுகூடப் பயிற்சியில் இருந்தேன். தோட்டத்து டிஸ்பென்சரியில் மாத்திரை கொடுத்தார்கள்.

2. ஒரு மழைக்காலத்தில் இடது காலில் அட்டை கடித்த இடம் புண்ணாகி ஆறாமல் கிடந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் காட்டினோம். ஒரு விரலை எடுத்தார்கள். மாத்திரையை நிறுத்தி இன்சுலின் தொடங்கினார்கள்.

3. ஊசி தொடங்கிய பிறகு புண் ஆறியது. ஆனால் காலை வேளைகளில் அப்பாவுக்கு வியர்ப்பதும் கை நடுங்குவதும் அடிக்கடி வந்தன. யாரும் அதை வியாதியில் சேர்க்கவில்லை.

4. ஒரு நாள் காலை மலையில் ஆளுக்கொரு தேயிலை வரிசையாக நிரை பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்த அப்பா அப்படியே தேயிலைச் செடிமேல் சாய்ந்தார். நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லவில்லை. மூச்சு மட்டும் வாங்கியது.

5. ஈசீஜி எடுத்துப் பார்த்து மாரடைப்பு என்றார்கள். இதற்கு முன்னரும் ஒன்று சத்தமில்லாமல் வந்து போயிருக்கிறது என்றும் சொன்னார்கள்.

6. வார்டிலும் வீட்டிலும் ஓய்வு முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, அப்பா டிஸ்பென்சரிப் பக்கம் திரும்பாமலே நடந்தார். இன்சுலினை நிறுத்திவிட்டார்.

முதல் ஐந்தும் உடம்பு செய்தவை. ஆறாவதை அப்பா செய்தார். பதுளையில் அவரைப் பார்த்த வைத்தியர் என்னைத் தனியே கூப்பிட்டு, “சீனி இப்படியே ஏறிக்கிடந்தால் அடுத்த அடைப்பை இந்த இதயம் தாங்காது” என்றார். ஆகவே ஆறாவதை மாற்றியாக வேண்டும். செய்ய வேண்டியது அது ஒன்றுதான்.

அப்பா பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கங்காணி. கொழுந்தெடுக்கும் பெண்கள் ஒரு கூட்டம் அவர் பொறுப்பில். விடிந்ததும் ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டில் நிற்பது, மலைக்குக் கூட்டிப் போவது, நிரை பிரித்துக் கொடுப்பது, தேத்தண்ணி நேரத்துக்கு விசில் ஊதுவது, பின்னேரம் கொழுந்து நிறுத்து முடியும்வரை கூடவே நிற்பது எல்லாம் அவர் வேலை. காக்கிக் கோட்டு, முழங்கால்வரை தடித்த காலுறை, கையில் ஒரு கம்பு. காலுறை அட்டைக்காக. அதையும் மீறி அட்டை ஏறும்.

நான் அப்போது பதுளை பசாரில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் இருந்த ஆய்வுகூடத்தில் வேலை செய்தேன். இரத்தம், சிறுநீர், சளி. ஒரு நுணுக்குக்காட்டி, ஒரு சுழற்றும் இயந்திரம், ஸ்பிரிட் விளக்கு, கண்ணாடிக் குழாய்கள். கீழே மருந்துக்கடை முதலாளி, ஒரு முஸ்லிம். அவரை ஊரே அண்ணன் என்ற பொருளில் நானா என்று கூப்பிடும், நானும் அப்படித்தான். அப்பாவின் இன்சுலின் குப்பிகள் அவர் கடைக் குளிர்சாதனப் பெட்டியில்தான் இருக்கும். தேவைப்படும்போது ஒவ்வொன்றாகத் தோட்டத்துக்குக் கொண்டுபோவேன்.

ஊசியை நிறுத்திய செய்தி வந்ததும் லீவு போட்டுவிட்டு, ஒரு குப்பியையும் எடுத்துக்கொண்டு பசறை பஸ் ஏறினேன்.

தொழிலாளர் வரிசைவீடான லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள், அம்மா அடுப்படியில் இருந்தார். என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

“நான் சொன்னா கேக்க மாட்டேங்குறாரு. நீ போயி எதுவும் கத்தாத. நெஞ்சு வந்த மனுசன்.”

நான் கத்துகிற ஆள் இல்லை என்பது அம்மாவுக்குத் தெரியும். ஆனாலும் சொன்னார்.

அப்பா கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, கை கால் கழுவி, பலகையில் உட்கார்ந்தார். என் பையைப் பார்த்தார்.

“என்னா, ரத்தம் எடுக்க வந்தியா?”

“ரத்தமும் வேணும், ஒன்னுக்கும் வேணும்.”

“கேட்டியா, ஒம் மக வந்ததும் வராததுமா என்னா கேக்குறா பாரு” என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். ஆனால் போத்தலை வாங்கிக்கொண்டு போனார்.

நீல நிறக் கரைசலில் சில துளிகள் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் சூடாக்கினேன். சீனி இல்லையென்றால் நீலமாகவே நிற்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, பிறகு மஞ்சள், பிறகு தோடம்பழ ஆரஞ்சு நிறம். அப்பாவுடையது அந்த வரிசையெல்லாம் கடந்து செங்கல் நிறத்தில் வந்து நின்றது.

அப்பா குழாயை விளக்குப் பக்கம் தூக்கிப் பார்த்தார். “நல்ல மண்ணு. வீடு கட்டலாம்.”

“அப்பா, ஊசிய ஏன் நிப்பாட்டுனீங்க?”

“மாத்திரை தின்ன காலத்துல கால் வெரல்தான் போச்சு. ஊசி போட ஆரம்பிச்ச பெறகுதான் நெஞ்சுல வந்துச்சு. மாத்திரை வயித்துக்குப் போவுது. ஊசி நேரா ரத்தத்துக்குப் போவுது. ரத்தம் கெட்டியாயி நெஞ்சுல போயி அடச்சிருச்சு.”

“ஊசி போடாத காலத்துலயும் ஒன்னு வந்திருக்கலாம். ஈசீஜியில பழைய தழும்பு இருக்குல்ல?”

“அது எப்ப வந்துச்சுன்னு அந்தக் காகிதத்துல இருக்கா?”

“இல்ல.”

“ஊசிக்கு முன்னயா, பின்னயா?”

“தெரியாது.”

“அப்ப?” என்றார்.

ஈசீஜி தழும்பைக் காட்டும், அது விழுந்த நாளைக் காட்டாது. எனக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லி அவரை மடக்கலாம். எங்கள் தொழிலில் அப்படிச் செய்யப் பழக்கவில்லை. ஆகவே தெரிந்ததை எண்ணிச் சொல்லத் தொடங்கினேன்.

“ஒன்னு, சீனி கூடி இருந்தா ரத்தம் சும்மாவே ஒட்டும். ரெண்டு, ஊசி அதக் கொறைக்குமே தவிர கூட்டாது. மூனு...”

“ஏய், ஒம் மக பெரட்டு எடுக்குறா” என்றார் அப்பா அம்மாவிடம். “ஒன்னு, ரெண்டு, மூனுன்னு பேர் கூப்புடுறா. யாரு யாரு வந்திருக்காக, யாரு வரலைன்னு கேளு.”

அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் நிறுத்தினேன்.

இரத்தம் கெட்டியாகி அடைத்துவிட்டது என்று அப்பா சொன்னது முழுத் தவறு அல்ல. அதனால்தான் அதை மறுப்பது கடினமாக இருந்தது. இரத்தத்தில் சிறுதட்டுக்கள் என்று மிகச் சிறிய துணுக்குகள் உண்டு. நுணுக்குக்காட்டியில் செங்குழியங்களுக்கு இடையே தூசி விழுந்ததுபோல் தெரியும். குழாய் எங்காவது கிழிந்தால் அங்கே போய் ஒட்டி, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, ஓட்டையை அடைப்பது அவற்றின் வேலை. அவை இல்லாவிட்டால் ஒரு சின்னக் கீறலே ஆளைக் கொண்டுபோய்விடும். ஆனால் ஆண்டுக்கணக்கில் சீனி மிகுந்த இரத்தத்தில் மிதப்பவை சின்னக் காரணத்துக்கும் ஒட்டத் தொடங்கும். இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் உள்ளே சொரசொரப்பாகிக் கிடந்தால், அதையே காயமென்று எடுத்துக்கொண்டு அடைக்கப் போய்விடும். இன்சுலின் அளவாக இருந்தால் இவற்றை அடக்கி வைக்கிறது என்றுதான் எங்களுக்குப் பயிற்சியில் சொன்னார்கள்.

அன்று அப்பாவின் விரல்நுனியில் குத்தி ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து எடுத்துக்கொண்டேன். பிறகு பதுளையில் பார்த்தபோது சிறுதட்டுக்கள் கட்டி கட்டியாகத்தான் தெரிந்தன. ஆனால் விரலில் குத்தி எடுத்த யாருடைய இரத்தத்திலும் அப்படித் தெரியலாம். ஒட்டும் தன்மையை அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. ஆகவே அந்தத் தகடு எதற்கும் சாட்சி அல்ல. அதை அப்பாவிடம் காட்டவில்லை.

அவருக்குத் தெரிந்த ஒன்றைக் கொண்டு சொல்லிப் பார்த்தேன். “பேக்டரியில கொழுந்த சுருட்டி எறக்குறப்ப, உருண்ட உருண்டயா ஒட்டிக்கிட்டு வரும்ல? அந்த மாதிரிப்பா.”

“அத ஒடைக்க மெசின் இருக்கு. ஒங்கக்கிட்ட இருக்கா?”

“இல்ல.”

“பேக்டரி தேவல” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

மறுநாள் டிஸ்பென்சரிக்குப் போனேன். அங்கே மருந்து கொடுப்பவர் யாழ்ப்பாணத்துக்காரர், பல வருடமாக எங்கள் தோட்டத்தில் இருந்தார். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். அப்பாவின் மருந்துப் பதிவு அட்டையை எடுத்துக் காட்டினார். தவறு எதுவும் இல்லை. அளவு சரி. கண்ணாடி ஊசியை ஒவ்வொரு முறையும் கொதிக்க வைத்திருந்தார். ஒரு நாளும் விடுபடவில்லை.

“காலையில எந்த நேரம் போடுறீங்க?”

“உங்கட அப்பர் பெரட்டுக்குப் போற வழியிலதானே டிஸ்பென்சரி. விடிய முன்னம் வந்து கதவைத் தட்டுவார். போட்டுவிடுறனான்.”

“காலைச் சாப்பாட்டுக்கு அரை மணிநேரம் முந்தி போடணும்னு எழுதியிருக்கே.”

“ஓம், அப்படித்தான் எழுதியிருக்கு. நான் ஊசி போடுறன் பிள்ளை. வீட்டை போய் வாயில சாப்பாடும் தீத்த வேணுமோ?”

கோபமாகச் சொல்லவில்லை. அவருடைய வீட்டில் விடிந்ததும் சாப்பிடுவார்கள். ஆகவே அப்பாவும் சாப்பிடுவார் என்று எடுத்துக்கொண்டார். பதுளையில் அந்தக் குறிப்பை எழுதியவர்களும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

திரும்பி வந்து அம்மாவிடம் கேட்டேன். “அப்பா பெரட்டுக்குப் போறதுக்கு முன்ன என்னா சாப்பிடுவாரு?”

அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தார். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “ஒனக்குத் தெரியாதா? வெறுந்தேத்தண்ணிதான்.”

“அதோட?”

“முன்ன உள்ளங்கையில கொஞ்சம் சீனி வச்சுக்குவாரு. நக்கிக்கிட்டுக் குடிப்பாரு, எல்லாரையும் மாதிரி. சீனி ஆகாதுன்னு சொன்ன நாள்லேருந்து நான் அதக் கண்ணுலயே காட்டல. வெறுந்தேத்தண்ணின்னா வெறுந்தேத்தண்ணிதான்.”

“ரொட்டி?”

“ரொட்டிய கட்டிக்கிட்டுப் போவாரு. ஆளுக தேத்தண்ணிக்கு ஒக்காரையில அவரும் திம்பாரு.”

நான் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அதை வரிசைப்படுத்தினேன். விடிய முன் ஊசி. சீனி இல்லாத தேத்தண்ணி. பெரட்டுக்களத்தில் நிற்பது. மலையேற்றம். நிரை பிரிப்பது. அதன் பிறகுதான், வெயில் ஏறிய பிறகு, முதல் கவளம். இன்சுலின் போட்டது போட்டபடி இரத்தத்தில் இருக்கிற சீனியை இழுத்துக்கொண்டே போகும், வயிற்றில் எதுவும் விழுந்ததா என்று அது பார்க்காது. ஏற்றத்தில் நடக்கிற கால்களும் இழுக்கும். சீனி எல்லை தாண்டி இறங்கும்போது உடம்பு பயந்து அட்ரீனலினைக் கொட்டும். வியர்வை அதனால். கை நடுக்கம் அதனால். நெஞ்சு வேகமாக அடிப்பதும் அதனால். அந்த அட்ரீனலினே சிறுதட்டுக்களையும் கிளப்பிவிடும்.

வார்டில் கிடந்தபோது அவருக்கு ஒரு நாளும் வியர்க்கவில்லை. ஊசி போட்டார்கள், பின்னாலேயே காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வந்தது. வீட்டில் ஓய்வாக இருந்தபோதும் இல்லை. டிஸ்பென்சர் லயத்துக்கே வந்து ஊசி போட்டார், அம்மா உடனே ரொட்டி கொடுத்தார். நடுக்கம் வந்ததெல்லாம் பெரட்டு நாட்களில் மட்டும்.

எல்லோரும் சொன்னதைச் சரியாகத்தான் செய்திருந்தார்கள். டிஸ்பென்சர் ஊசியைச் சரியாகப் போட்டார். அம்மா சீனியைச் சரியாக நிறுத்தினார். அப்பா வேலையைச் சரியாகச் செய்தார். மூன்றும் ஒரே காலையில் சேர்ந்தபோது அவர் செடிமேல் சாய்ந்தார். இது என் ஊகம். மாரடைப்பு அதனால்தான் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. பல வருடச் சீனி அந்தக் குழாய்களை ஏற்கெனவே கெடுத்திருந்தது. ஆனால் அந்தக் காலையைத் தெரிந்தெடுத்தது எது என்று கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன்.

“அப்பா ஏன் பெரட்டுக்கு முன்ன சாப்பிட மாட்டேங்குறாரு?”

அம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“மாவுக்குப் பஞ்சம் வந்த வருசம், நீ பதுளையில படிச்சுக்கிட்டு இருந்த. அரிசி இல்ல, மாவு இல்ல. ஆளுக கீரையத் தண்ணியில போட்டு அவிச்சுக் குடிச்சிட்டு மலைக்கு வந்தாக. நம்ம வீட்டுல எப்புடியோ ஒரு நேரம் ரொட்டி இருந்துச்சு. உங்கப்பா தின்னுட்டுப் பெரட்டுக்குப் போனாரு. பேர் கூப்புடுறாரு. ஒரு பொம்பள கிட்ட வந்து நின்னுக்கிட்டு, ‘கங்காணியாரு கையில ரொட்டி வாசம் வருது’ன்னு சொல்லுச்சு. சண்டைக்குச் சொல்லல. சும்மா சொல்லுச்சு. சொல்லிட்டு அந்த எடத்துலயே ஒக்காந்துருச்சு. எந்திரிக்க முடியல. தூக்கிக்கிட்டு வந்தாங்க. அந்தப் பஞ்சத்துலயே செத்தும் போச்சு.”

விறகை அடுப்புக்குள் தள்ளினார்.

“அன்னைலேருந்து ஆளுக ஒக்காந்து திங்கிற வரைக்கும் உங்கப்பா ஒரு கவளம் வாயில வைக்கிறதில்ல. நானும் சொல்லுறதில்ல.”

அந்த வருடம் விடுதியில் எங்களுக்கும் மரவள்ளிக்கிழங்குதான். விடுமுறைக்கு வந்தபோது லயத்தில் ஒரு வாசலில் சாவுக்கு வெள்ளைத்துணி கட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். யாருடைய வீடு என்று நான் கேட்டிருக்கவில்லை.

அன்று பின்னேரம் அப்பாவிடம் பேசினேன். இந்த முறை எண் போடவில்லை.

“நீங்க சொன்னதுல பாதி சரிப்பா. ஊசி போட்ட காலையிலதான் வந்துச்சு. ஆனா ஊசியால இல்ல. ஊசி போட்டுட்டுச் சாப்பிடாம மலையேறுனதால.”

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். “பாதி சரின்னு ஒத்துக்கிட்டியே. அதுவரைக்கும் நல்லது.”

“ஊசி போட்டதும் ஒரு ரொட்டி. அவ்வளவுதான். அப்பறம் ஒன்னும் வராது.”

“பெரட்டுக்கு முன்னயா?”

“ஆமாங்கப்பா.”

“அது நடக்காது.”

“இப்பப் பஞ்சம் இல்லப்பா. எல்லாரும் தின்னுட்டுத்தான் வர்றாங்க.”

“எல்லாருமா? நீ பாத்தியா?” என்றார். “எந்த வீட்டுல அடுப்பு எரியல, எவ தன் பங்க புள்ளைக்குக் குடுத்துட்டு வாரான்னு எனக்குத் தெரியும். மூஞ்சியப் பாத்தாத் தெரியும். பசியோட நிக்கிறவ முன்னாடி ஏப்பம் விட்டுக்கிட்டுப் பேர் கூப்புட என்னால முடியாது. நீ வேற எது வேணாலும் சொல்லு, செய்யுறேன்.”

“சாப்பிடாம ஊசி போட்டா அது மருந்து இல்ல.”

“அதத்தானே நானும் சொன்னேன். அதனாலதான் நிப்பாட்டிட்டேன்.”

வாதம் சுற்றி வந்து அதே இடத்தில் நின்றது. அவரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. செங்கல் நிறத்தையும் மறக்க முடியவில்லை. லீவு முடிந்து பதுளைக்கு வந்தேன். அப்பாவின் குப்பி கைப்பையில் திறக்காமலே இருந்தது.

நானா அதை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தார். அவருக்கும் சீனி வருத்தம்தான். தன் ஊசியைத் தானே போட்டுக்கொள்வார்.

“என்ன மகள், குப்பி போன மாதிரியே திரும்பி வந்திரிக்கி?”

நடந்ததைச் சொன்னேன். பெரட்டு, ரொட்டி வாசம், எல்லாம். நானா கேட்டுக்கொண்டிருந்தார். இடையிடையே கடைக்கு வந்தவர்களுக்குத் தலைவலி மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்.

“நீங்க நோன்புக்கு என்ன செய்வீங்க நானா?” என்று கேட்டேன். அவர் முழு மாதமும் நோன்பு பிடிப்பவர் என்பது எனக்குத் தெரியும். அதுவரை அதை யோசித்ததில்லை.

“டாக்டருக்கிட்ட கேட்டு ஊசிய பின்னேரத்துக்குக் கொண்டு போயிருவன். நோன்பு தொறக்கிற நேரம் போட்டுட்டுச் சாப்பிடுறது. அளவும் வேற. ஊசிய நகத்தலாம் மகள். நோன்ப நகத்த ஏலுமா?”

நான் மாடிக்குப் போய் வேலையைப் பார்த்தேன். அன்று வந்த மாதிரிகள் எல்லாவற்றையும் முடித்த பிறகு, அப்பாவைப் பார்த்த அந்த வைத்தியரிடம் போனேன்.

நாங்கள் எல்லோரும் சாப்பாட்டையே ஊசிப் பக்கம் இழுக்கப் பார்த்தோம். ஊசியைச் சாப்பாட்டுப் பக்கம் கொண்டுபோகலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. வைத்தியரிடம் அதைச் சொன்னேன். தேத்தண்ணி நேரத்தில், மலையிலேயே, அப்பா கையாலேயே. வைத்தியர் உடனே சரி என்று சொல்லவில்லை. காலை முழுக்கச் சீனி ஏறித்தான் இருக்கும் என்றார். மலையில் சுத்தம் எப்படி என்றார். நான் ஒவ்வொன்றுக்கும் சொன்னேன். கடைசியில், “இது நல்ல ஏற்பாடு இல்லை. நடக்கக்கூடிய ஏற்பாடு” என்று சொல்லி அளவை மாற்றி எழுதினார். கூடவே அஸ்பிரின் ஒரு மாத்திரையில் கால்பங்கு, சாப்பாட்டுக்குப் பிறகு. அது வலிக்காக இல்லை, சிறுதட்டுக்கள் ஒட்டாமல் இருப்பதற்காக. அந்த நாட்களில் சில வைத்தியர்கள்தான் அப்படிக் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் முதலில் கேட்டது, “அப்ப பெரட்டு?” என்பதுதான்.

“பெரட்டுல ஊசியும் இல்ல, ரொட்டியும் இல்ல. ஆளுக ஒக்காந்ததும் நீங்க ஊசி. அப்பறம் எல்லாரோடயும் ரொட்டி.”

தாடையைத் தடவினார். “ஆளுகளுக்குத் தெரிஞ்சு போகுமே.”

“நீங்க செடிமேல விழுந்ததப் பாத்தவங்கதானே அவங்க?”

அவர் என் கையிலிருந்த ஊசியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு தோடம்பழத்தில் ஊசி குத்தப் பழக்கினேன். முதல் நாளே கை நன்றாக வந்தது. பழத்தைப் பிறகு அம்மா தின்றார், வீணாக்குவானேன் என்று.

முதல் நாள் நானும் மலைக்குப் போனேன். விசில் ஊதியதும் பெண்கள் கூடைகளை இறக்கிவிட்டு வழியோரம் உட்கார்ந்தார்கள். அப்பா ஒரு கல்லுக்குப் பின்னால் போனார். ஊற்றுத்தண்ணீர் நிரப்பிய பிளாஸ்கில் குப்பி, ஸ்பிரிட் ஊற்றிய தகரப்பெட்டியில் ஊசி. கல் அவரை முழுசாக மறைக்கவில்லை.

கூட்டத்தில் மூத்த பெண் ஒருவர், நாக்கு நீளமானவர், கையைத் தட்டினார்.

“ஏய், யாரும் திரும்பாதீங்கடி. கங்காணியாருக்குப் பூசை நடக்குது.”

“மணி அடிக்கலையே அக்கா?”

“மணி அடிச்சா சாமி கோவிச்சுக்கும். சும்மா ரொட்டியப் பிரி.”

கல்லுக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது. “வாயிக்குப் போடுற ஊசி இருந்தா ஒனக்குத்தான் மொதல்ல.”

“போடுங்க கங்காணியாரே. அப்பவாவது எனக்கு அரைநேரம் லீவு கெடைக்குமில்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சட்டையைச் சரிசெய்துகொண்டு வந்து உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார். அவர்கள் திரும்பியே பார்க்கவில்லை என்பதுபோல் தேத்தண்ணியைக் கை மாற்றினார்கள். அந்த மூத்த பெண்ணைத் தனியே கூப்பிட்டு, அப்பாவுக்கு வியர்த்தாலோ கை நடுங்கினாலோ உள்ளங்கையில் சீனி வைத்து நக்கச் சொல்ல வேண்டும் என்று சொன்னேன். சீனிக்காரருக்குச் சீனியா என்று கேட்டார். ஆமாம், அந்த நேரம் மட்டும் என்றேன். அன்றே சீலை முந்தானையில் ஒரு பிடி முடிந்துகொண்டார்.

பிறகு மழை தொடங்கியது. ஒரு நாள் அம்மா ஆளனுப்பினார், உடனே வா என்று. போய்ப் பார்த்தால் அப்பாவின் காலுறை நனைந்து சிவப்பாக இருந்தது. அட்டை கடித்த இரண்டு இடங்கள். வழக்கத்தைவிட வெகுநேரம் நிற்காமல் கசிந்திருக்கிறது. சுண்ணாம்பு வைத்தும் நிற்கவில்லை.

“ரத்தத்த தண்ணியாக்கிட்டியா?” என்றார் அப்பா. பயந்திருந்தார், ஆனால் குரலில் அதைக் காட்டவில்லை.

துணியை மடித்து அழுத்திப் பிடித்துக்கொண்டே பார்த்தேன். கொஞ்சநேரத்தில் நின்றது. அட்டையின் எச்சிலே இரத்தத்தை உறையவிடாது. அதோடு இப்போது அஸ்பிரினும். ஆய்வுகூடத்தில் காதுமடலில் சின்னதாகக் குத்தி, வடிதாளால் ஒற்றி ஒற்றி, எவ்வளவு நேரத்தில் நிற்கிறது என்று பார்ப்போம். மலையில் அந்தச் சோதனையை அட்டை செய்துவிட்டது. துல்லியமான சோதனை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் என் கண்ணாடித் தகட்டில் பார்க்க முடியாததை அந்தக் காலுறையில் பார்த்தேன். சிறுதட்டுக்கள் முன்னைப்போல் விழுந்தடித்துக்கொண்டு ஒட்டவில்லை.

“தண்ணியாகலப்பா. அவசரப்படாம இருக்கு” என்றேன்.

“காலுக்கு ஆகாதது நெஞ்சுக்கு ஆகுமா?”

“ஆகும்னுதான் குடுக்குறாங்க. காலை நான் பாத்துக்குறேன்.”

புண்ணாகாமல் இருக்க அந்த இடங்களைக் கழுவி மருந்து போட்டோம். அன்றிலிருந்து அம்மா ஒவ்வொரு பின்னேரமும் அவர் காலை விளக்கடியில் வைத்து விரல் விரலாகப் பார்க்கிறார். சீனி நரம்புகளைக் கெடுத்ததால் அந்தக் காலில் உணர்ச்சி குறைவு. காலுறைக்குள் கல் இருந்தாலும் அவருக்குத் தெரியாது. நெஞ்சு வலிக்காமலே மாரடைப்பு வந்து போனதும் அதே காரணத்தால்தான். அதை அம்மாவுக்குச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப வலிக்கலன்னு அவரு சொன்னா நம்பக் கூடாது” என்றார். அவ்வளவுதான் செய்தி. சரியாகப் பிடித்துக்கொண்டார்.

இப்போது நிலைமை இது. அப்பா இன்சுலின் போடுகிறார், தேத்தண்ணி நேரத்தில், அந்தக் கல்லுக்குப் பின்னால். சோதித்தால் சிறுநீர் பச்சையில் நிற்கிறது, சில நாள் மஞ்சள். செங்கல் நிறம் பிறகு வரவில்லை. காலை நடுக்கமும் வரவில்லை. முந்தானையில் முடிந்த சீனி இதுவரை ஒரு முறைதான், ஒரு பின்னேரம், தேவைப்பட்டது. இடது காலில் நான்கு விரல்கள் இருக்கின்றன. ஈசீஜியில் இரண்டு தழும்புகளும் அப்படியே இருக்கின்றன, அவை போகமாட்டா. ஏற்றத்தில் நின்று நின்று ஏறுகிறார். மூன்றாவது வராது என்று எந்த வைத்தியரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பெரட்டுக்கு முன் அவர் சாப்பிடுவதில்லை.